மாசம் ரெண்டு கிலோ உளுந்து

ஈரோடு வ.உ.சி. பூங்காவில் எங்கள் நாலு பேருக்கும் ஒரு சிமென்ட் பெஞ்ச் உண்டு. எழுதி வைத்ததில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு வேறு யாரும் அதில் உட்கார மாட்டார்கள். வாக்கிங் என்று வீட்டில் சொல்லிவிட்டு வருவோம். நடப்பது இரண்டு சுற்று, பேசுவது இரண்டு மணி நேரம்.

பேச்சும் பெரிதாக ஒன்றும் இருக்காது. மளிகை விலை, பழைய கார், கோழிக்குழம்பு. இந்த மூன்றுக்குள்தான் சுற்றிச் சுற்றி வரும். அரசியல் பேசினால் சண்டை வருகிறது, பிள்ளைகளைப் பற்றிப் பேசினால் பெருமூச்சு வருகிறது. அதனால் நாங்களாகவே ஒதுங்கி வந்து சேர்ந்த இடம் இது.

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் வாத்தியார், மேல்நிலைப் பள்ளியில் கெமிஸ்ட்ரி எடுத்தவர். ஒருவர் தறிக்காரர், ஆற்றுக்கு அந்தப் பக்கம் பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டிவிட்டு இப்போது மகனிடம் கொடுத்துவிட்டார். மூன்றாமவர் எங்களில் மூத்தவர், பத்மினிக்காரர். அவரை நாங்கள் ‘அண்ணா’ என்றே கூப்பிடுவோம். நாலாவது நான், தபால் ஆபீஸில் கவுன்ட்டருக்குப் பின்னால் முப்பத்தைந்து வருஷம் உட்கார்ந்திருந்த ஆள்.

மளிகையில் எங்களுக்கு என்ன அக்கறை என்று கேட்காதீர்கள். வேலையில் இருந்தவரை மிளகாய் காயா பழமா என்றுகூடக் கவனிக்காத ஆம்பளைகள், ஓய்வு பெற்ற அடுத்த மாதமே பையைத் தூக்கிக்கொண்டு சம்பத் நகர் உழவர் சந்தைக்குப் போய்விடுகிறோம். வீட்டில் இருந்து தொந்தரவு செய்யாமல் இருக்க மனைவிமார்கள் செய்த ஏற்பாடு அது என்று எனக்கு வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது. ஆனால் போய்ப் பழகிவிட்டால் அது ஒரு போதை. யார் எந்தக் கடையில் எவ்வளவு குறைத்து வாங்கினார் என்பதில் எங்களுக்குள் ஒரு போட்டியே இருந்தது.

2022 ஜூலையில், பாக்கெட் போட்ட அரிசி பருப்புக்கு 5 சதவிகிதம் ஜி.எஸ்.டி. வந்தது ஞாபகம் இருக்கிறதா? 25 கிலோவுக்கு மேல் போனால் அந்த வரி இல்லை. கொஞ்ச நாளிலேயே கடைகளில் 26 கிலோ மூட்டை வந்துவிட்டது. அந்த ஒரு கிலோவைப் பற்றி மட்டும் நாங்கள் மூன்று ஞாயிறு பேசியிருக்கிறோம். “இந்த மூளைய வேற எதுக்காச்சும் செலவு பண்ணியிருந்தா நோபல் பரிசே வாங்கியிருக்கலாமுங்க” என்றார் வாத்தியார்.

கார் பேச்சு வந்தால் நான் வெறும் பார்வையாளன். என்னிடம் இருந்தது டி.வி.எஸ். 50 மட்டும்தான். தறிக்காரர் அம்பாசிடர் கட்சி. நூல் பேல், கல்யாண வீட்டுப் பாத்திரம், ஒன்பது உறவினர் எல்லாம் ஒரே வண்டியில் ஏற்றிய கதை அவரிடம் நிறைய இருக்கிறது. 2014-ல் அம்பாசிடர் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள் என்று செய்தி வந்த அன்று அவர் டீ குடிக்கவில்லை என்பார்கள். வாத்தியார் மாருதி 800-ஐ இன்னும் வைத்திருக்கிறார். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று நோட்டுப் போட்டு எழுதுகிற ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும்.

அண்ணனின் கார் பிரீமியர் பத்மினி. 1987 மாடல், சாம்பல் நிறம். நம்பர் பிளேட்டில் மூன்று இங்கிலீஷ் எழுத்தும் நாலு எண்ணும் இருக்கும், டி.என். வருவதற்கு முந்தைய நம்பர். ஸ்டியரிங்குக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கியர், முன்பக்கம் நீளமாக ஒரே சீட். இன்றைய பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் புரியாது. ஃபியட் 1100 என்ற இத்தாலிக்காரக் கார்தான் பம்பாயில் தயாராகி, எழுபதுகளில் பத்மினி என்று பெயர் மாறியது. அந்தக் காலத்தில் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அண்ணனும் காத்திருந்து வாங்கினார். கல்யாணமாகி நாலாவது வருஷம் வண்டி வந்ததாம். “கொழந்தை மொதல்ல வந்துருச்சு, காரு அப்பறம்தான் வந்துச்சு” என்பார்.

அடுத்தது கோழி. இதில் தறிக்காரரை யாரும் அசைக்க முடியாது. பள்ளிபாளையத்துக்காரர் இல்லையா? பள்ளிபாளையம் சிக்கனுக்கு மசாலாப் பொடி போட்டால் அவருக்குக் கோபம் வரும். தக்காளி போட்டால் பேச்சே நின்றுவிடும். அவர் கணக்கு இது: ஒரு கிலோ கறிக்குக் கால் கிலோ சின்ன வெங்காயம், விதையை உதறிவிட்டுக் கிள்ளிப் போட்ட வரமிளகாய் பதினைந்து, மஞ்சள், உப்பு, கறிவேப்பிலை. எண்ணெயில் மிளகாயும் வெங்காயமும் வதங்கியதும் கறியைப் போட்டு, தண்ணீரைத் தெளித்துத் தெளித்து வேக வைக்க வேண்டும். ஊற்றக் கூடாது, தெளிக்க வேண்டும். கடைசியில் பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய். அவ்வளவுதான். “இதுக்கு மேல ஒண்ணு போட்டாலும் அது வேற ஊருக் கோழி” என்பார்.

தேங்காயைக் கடைசியில் போடுவதா, பாதியில் போடுவதா என்று வாத்தியாருக்கும் அவருக்கும் இன்றுவரை தீரவில்லை.

அண்ணன் இதிலெல்லாம் கலந்துகொள்ள மாட்டார். “எங்க வீட்டுக் கொழம்பு மாதிரி எங்கயும் இல்லீங்க” என்பதோடு சரி. என்ன போடுகிறார்கள் என்று கேட்டால், “அதெல்லாம் அவளுக்குத்தான் தெரியும்” என்பார். அது உண்மையிலேயே நல்ல குழம்பு. 2019 தீபாவளிக்கு மறுநாள் தூக்குப் போசியில் கொண்டுவந்து, பூங்கா பெஞ்சிலேயே இட்லிக்கு ஊற்றிக்கொடுத்தார். நாட்டுக்கோழி. நீர்க்கத்தான் இருக்கும், ஆனால் விரலில் ஒட்டும். வாத்தியார் போசியின் அடியைச் சாய்த்துப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

2021 மே மாதம் அக்கா இறந்துபோனார். அண்ணனின் மனைவியை நாங்கள் அக்கா என்றுதான் சொல்வோம். இரண்டாவது அலை. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள்.

அந்த மாதம் யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை. போக முடியவில்லை என்று சொல்லலாம், போகப் பயந்தோம் என்றும் சொல்லலாம். பெங்களூரில் இருக்கும் மகள் வீடியோ காலில்தான் தன் அம்மாவைப் பார்த்தது. நான் போன் செய்தேன். “தைரியமா இருங்கண்ணா, வெசனப்படாதீங்க” என்றேன். அவர் “ம்” என்றார். அதற்குமேல் என்ன பேசுவதென்று தெரியவில்லை. மளிகை எல்லாம் கிடைக்கிறதா என்று கேட்டேன். “கடையில இருந்து வீட்டுக்கே கொண்டாந்து குடுத்துடறாங்க” என்றார். “அப்ப சரிங்கண்ணா” என்று வைத்துவிட்டேன். இரண்டு நிமிஷம் இருக்கும்.

பூங்கா திறந்த பிறகு ஒருநாள் அவரே பெஞ்சுக்கு வந்தார். கொஞ்சம் இளைத்திருந்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தறிக்காரர் நகர்ந்து இடம் விட்டார். வாத்தியார் கடலெண்ணெய் விலையை ஆரம்பித்தார். பேச்சு பழையபடி ஓடத் தொடங்கியது. அதுதான் அவருக்கு ஆறுதல் என்று நாங்கள் மூன்று பேரும் தனித்தனியாக முடிவு செய்திருந்தோம் போலிருக்கிறது.

அதன்பிறகு ஒரு வருஷத்துக்குமேல் அவர் ஒரு ஞாயிறுகூட விடாமல் வந்தார். இப்போது நினைத்தால் உறைக்கிற ஒரு விஷயம் உண்டு. அந்த ஒரு வருஷமும் உளுந்து விலையை எங்களுக்குச் சொன்னவர் அவர்தான். “போன மாசத்துக்கு இந்த மாசம் கிலோவுக்கு நாலு ரூவா ஏறியிருக்குதுங்க” என்பார். துவரம்பருப்பு, இட்லி அரிசி, கசகசா வரை விரல் நுனியில் வைத்திருந்தார். கசகசா விலை எவருக்காவது மனப்பாடமாக இருக்குமா? தனியாக இருக்கிற ஒரு மனுஷனுக்கு மாசாமாசம் உளுந்து எதற்கு என்று எங்களில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

2022 ஆகஸ்ட் முதல் ஞாயிறு. அண்ணன் வழக்கத்துக்கு மாறாக அவரே கார் பேச்சை எடுத்தார்.

“வண்டிக்கு ஆர்.சி. முடியுதுங்க இந்த மாசம். காட்டறதா, குடுத்தர்றதான்னு தெரியல. பாப்பா வித்துருங்கப்பாங்குது.”

சொந்த வண்டிக்குப் பதினைந்து வருஷம் முடிந்தால், அதற்கப்புறம் ஐந்தைந்து வருஷத்துக்கு ஒருமுறை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இருந்து அதற்கான கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தியிருந்தார்கள். பணம் அவருக்குப் பிரச்னை இல்லை. “எடுத்து ஓட்டியே பதினாலு மாசமாச்சு. ஸ்டார்ட் ஆகுமான்னே தெரியல” என்றார்.

தறிக்காரர் எழுந்துவிட்டார். “வாங்க, போய்ப் பாத்துருவோம்.” கருங்கல்பாளையத்தில் ஒரு மெக்கானிக் அவருக்குப் பழக்கம். அம்பாசிடர், ஃபியட் தவிர வேறு வண்டியைத் தொட மாட்டேன் என்று பிடிவாதமாக இருக்கிற எழுபது வயது மனிதர். போன் செய்தார். நாங்கள் மூன்று பேரும் இரண்டு வண்டியில் அண்ணன் பின்னால் போனோம்.

இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் நான் அவர் வீட்டுக்குள் போனது அது மூன்றாவது தடவை. அக்கா இறந்த பிறகு முதல் தடவை.

பொடக்காலியில் தகரக் கொட்டகை. கதவைத் திறந்து, மேலே போர்த்தியிருந்த தார்ப்பாயை இழுத்தோம். வண்டியின் பின் கண்ணாடி வழியாக உள்ளே வெளிச்சமே தெரியவில்லை. என்னவோ அடைத்திருந்தது. வாத்தியார் கதவைத் திறந்தார்.

பின் சீட் முழுக்க மளிகை.

சீட்டுக்கு மேலே, சீட்டுக்குக் கீழே, கூரையைத் தொடும் அளவுக்கு மஞ்சப் பையும் பிளாஸ்டிக் கவருமாக. அண்ணாச்சி கடை ரசீது ஸ்டேப்ளர் அடித்தபடியே இருந்தது. தறிக்காரர் டிக்கியைத் திறந்தார். அங்கேயும் அப்படித்தான். இட்லி அரிசி ஐந்து ஐந்து கிலோவாக. உளுந்து இரண்டு இரண்டு கிலோவாக. உளுந்துப் பாக்கெட் ஒன்றைக் கையில் எடுத்தேன், உள்ளே பாதி மாவாகி வண்டு ஊர்ந்துகொண்டிருந்தது. ஒரு மூலையில் எலி கடித்த ஓட்டை. அங்கிருந்து முன்பக்கம் வரை கோடு போட்ட மாதிரி கடுகு சிந்திக் கிடந்தது.

யாருக்கும் பேச்சு வரவில்லை. அண்ணன் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஒண்ணாந் தேதி ஆனா கடைக்காரப் பையன் போன் பண்ணுவானுங்க. ‘அதே லிஸ்ட்டுதானுங்களா அய்யா?’ம்பான். ஆமாம்பேன்.”

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார்: “அவ எழுதுனதுல எதைக் குறைக்கறதுன்னு எனக்குத் தெரியலீங்க. வீட்டுக்குள்ள அட்டாலி நெறஞ்சு போச்சு. தூக்கிப் போடவும் மனசு வல்ல. ஒண்ணாந் தேதி ரெண்டு பேரும் இந்த வண்டீலதான் கடைக்குப் போவோம். அதான் இதுலயே வெச்சேன்.”

மாசம் இரண்டு கிலோ உளுந்து, பதினாலு மாசம். வாத்தியார் மனக்கணக்குப் போடுவது அவர் முகத்தில் தெரிந்தது. வாய்விட்டுச் சொல்லவில்லை, நல்ல மனிதர்.

அப்போது மெக்கானிக் வந்து சேர்ந்தார். எங்களைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். “மொதல்ல சரக்க எறக்குங்க. வண்டி என்ன, லாரின்னு நெனச்சீங்களா?” என்றார். அந்தச் சத்தம்தான் எங்களை நகர்த்தியது. அவருக்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

ஒரு மணி நேரம் இறக்கினோம். வாத்தியார் பிரித்தார். வண்டு வைத்தது ஒரு பக்கம், நல்லது ஒரு பக்கம். நல்லதாக இருந்த அரிசி பருப்பைப் பின்னால் ஒரு முதியோர் இல்லத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம். வண்டு வைத்ததைத் தறிக்காரர் தோட்டத்துக் கோழிகள் தின்றன.

மெக்கானிக் வேலை பார்ப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நேராகச் சாவி போடவில்லை. நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினார். ஒவ்வொரு ஓட்டையிலும் சொட்டுச் சொட்டாக எஞ்சின் ஆயில் விட்டார். அரை மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு, முன்பக்க ஃபேனைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். சுற்றியது. “சீஸ் ஆகல. பொழச்சுக்கும்” என்றார். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் எடுத்ததும் செல்ப் அடித்தால் உள்ளே காய்ந்துபோன பிஸ்டன் சிலிண்டரைக் கீறிவிடுமாம். டேங்க்கில் இருந்த பழைய பெட்ரோலை வடித்தார். வார்னிஷ் மாதிரி நாறியது. கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். எலி கடித்த வயர்களுக்குப் புது வயர் போட்டார். பேட்டரி செத்தே போயிருந்தது. பச்சை பூத்துக் கிடந்த பாயிண்ட்டை எமெரி பேப்பரில் தேய்த்தார்.

“ரெண்டு மணி ஆகும். போய்ச் சோறாக்கித் தின்னுட்டு வாங்க” என்று எங்களை விரட்டினார்.

அப்போதுதான் தறிக்காரர் சொன்னார்: “கோழி வாங்கிட்டு வந்தர்றேன். நாட்டுக்கோழி.”

சமையலறை சுத்தமாக இருந்தது. பயன்படுத்தாத சுத்தம். மேடையில் ஒரு பால் பாத்திரம், ஒரு தட்டு, கடையில் வாங்கிய தோசை மாவுப் பாக்கெட். வீட்டிலும் காரிலுமாக அத்தனை உளுந்தை வைத்துக்கொண்டு அவர் மாவை முக்குக் கடையில் வாங்கித்தான் தோசை சுட்டிருக்கிறார்.

அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. கோடு போட்ட நோட்டுத் தாள். மேலே 1.4.2021 என்று தேதி. அக்காவின் கையெழுத்து. இதைத்தான் போட்டோ எடுத்துக் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்.

வாத்தியார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அதைக் கேள்வித்தாள் படிப்பது மாதிரி படித்தார். “கொழம்பு வெக்கோணும்னா இதுலதான் இருக்குது” என்றார். எனக்குப் புரியவில்லை. “கசகசா அம்பதுன்னு போட்டிருக்காங்க பாருங்க. மாசாமாசம். அண்ணா, வீட்ல பாயசம் வெப்பாங்களா?”

“எனக்குச் சக்கரை வந்ததுல இருந்து வெக்கறதில்லீங்களே.”

“அப்ப அது கொழம்புக்குத்தான்.” சோம்பு 50, மிளகு 100, மல்லி அரைக் கிலோ. பட்டையும் கிராம்பும் லிஸ்ட்டிலேயே இல்லை. “பட்டை கெராம்பு போடாத கொழம்பு. அதான் அந்த வாசம்” என்றார் தறிக்காரர். அடுப்படிக்கு வெளியே நின்றிருந்த அண்ணன் உள்ளே வந்து லிஸ்ட்டைப் பார்த்தார். பதினாலு மாதமாக அதை ஒரு நாளும் அவர் முழுதாகப் படித்ததில்லையாம்.

கோழியை மஞ்சள் தடவித் தீயில் வாட்டியே வாங்கி வந்திருந்தார் தறிக்காரர். தோலோடுதான். நாட்டுக்கோழிக்குத் தோலை உரித்தால் பாதி ருசி போய்விடும். மல்லி, மிளகாய், மிளகு, சீரகம், சோம்பு, கசகசாவைத் தனித்தனியாக வறுத்தோம். சின்ன வெங்காயம் உரிக்கும் வேலை எனக்கு. நாலு பேர் கண்ணிலும் தண்ணீர் வந்தது, வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக்கொண்டோம். தேங்காயோடு சேர்த்து அரைத்து, கறியை வதக்கி, குக்கரில் ஆறு விசில்.

அண்ணன் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கினார். எங்களைப் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்குது.” பிறகு, “அவளுது இப்பிடி இருக்காது.”

“உப்பாங்கண்ணா?”

“உப்பில்ல. இது தண்ணி தனியா, மசாலா தனியா நிக்குது. அவளுது தண்ணியா இருக்கும், ஆனா கையில ஒட்டும்.”

நான் என் மனைவிக்குப் போன் போட்டேன். பேச்சை ஸ்பீக்கரில் விட்டேன். நடந்ததை எல்லாம் சொல்லவில்லை, குழம்பை மட்டும் சொன்னேன். ஒரு வினாடிகூட யோசிக்காமல் சொன்னாள்: “மல்லி வறுக்கையில ஒரு பிடி அரிசி போட்டு வறுத்து அரைச்சிருப்பாங்க. எங்கம்மாவும் அப்பிடித்தான். நம்ம வீட்லயும் அதான் போடறேன், முப்பது வருசமாத் திங்கறீங்களே?”

தறிக்காரர் வேறு பக்கம் திரும்பிச் சிரித்தார்.

அரிசிக்கா பஞ்சம்! வறுத்து, அரைத்து, கரைத்து ஊற்றிக் கொதிக்க விட்டோம். அண்ணன் மறுபடி உள்ளங்கையில் விட்டுப் பார்த்தார். கட்டை விரலையும் ஆட்காட்டி விரலையும் ஒட்டி ஒட்டிப் பிரித்தார். ஒன்றும் சொல்லவில்லை. பொடக்காலிப் பக்கம் போய்விட்டார். நாங்கள் யாரும் பின்னால் போகவில்லை. அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். சும்மா பக்கத்தில் இருப்பது என்றால் என்னவென்று 2021 மே மாதத்தில் தெரியாத எங்களுக்கு அன்றைக்குக் கொஞ்சம் தெரிந்தது.

அப்போது கொட்டகையில் இரண்டு தடவை இருமிவிட்டு வண்டி ஸ்டார்ட் ஆனது.

சாப்பிட்டு முடித்ததும் வாத்தியார் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அண்ணன் முன்னால் வைத்தார். பழையதை யாரும் கிழிக்கவில்லை, அது அலமாரிக் கதவிலேயே இருக்கட்டும் என்றோம். புதிதாக ஒன்று எழுத வேண்டும். அண்ணன் ‘உளுந்து’ என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

“ஒரு ஆளுக்கு மாசம் எவ்வளவுங்க ஆகும்?”

பருப்பு விலையை இருபது வருஷம் அலசிய மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். விலை தெரியும். அளவு தெரியாது. மறுபடி என் மனைவிக்குத்தான் போன். “ஒத்தை ஆளுக்கு மாவாட்டறதே வேண்டாங்க. கால் கிலோ இருந்தாத் தாளிக்க, சட்னிக்குப் போதும். மாவு வேணும்னா நான் ஆட்டறப்ப ஒரு போசி சேத்தி ஆட்டிக் குடுத்துடறேன்னு அண்ணங்கிட்டச் சொல்லுங்க. அரிசியும் பருப்பும் வெக்கத் தெரியுமான்னு கேளுங்க. ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் தொவரம்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு, குக்கர்ல மூணு விசில். மூணு வேளைக்கும் அதையே திங்க வேண்டாம்னும் சொல்லுங்க.”

அண்ணன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். கொங்கு நாட்டில் அரிசியும் பருப்பும் சாதத்தைக் கேட்டு எழுதிக்கொண்ட முதல் ஆம்பளை அவராகத்தான் இருக்க வேண்டும். நான் அன்று ராத்திரி வீட்டுக்குப் போய், எங்கள் வீட்டு மளிகை லிஸ்ட் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். “எதுக்கு?” என்றாள் சந்தேகத்தோடு. லிஸ்ட் என்று ஒன்று இல்லையாம், எல்லாம் தலையில்தான் இருக்கிறதாம். இப்போது மாசாமாசம் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். வெந்தயம் 100 என்றால் ஏன் 100 என்று கேட்கிறேன். முதல் மாதம் எரிச்சல்பட்டாள், இப்போது சொல்கிறாள்.

வண்டி ஆய்வில் முதல் தடவை பிரேக் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நின்று நின்று வீல் சிலிண்டர் இறுகிப்போயிருந்தது. மாற்றிக்கொண்டு போனதும் இரண்டாவது தடவை தேறியது. 2027 வரை கவலை இல்லை. அதற்கு அடுத்த வருஷம், 2023 அக்டோபரில், மும்பைத் தெருக்களில் ஓடிய கடைசி பத்மினி டாக்ஸிக்கும் ஆயுசு முடிந்தது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். அண்ணன் அதை வெட்டிக்கொண்டு வந்து பெஞ்சில் காட்டினார். “எம்பட வண்டி ஓடுது பாத்துக்குங்க” என்பதற்குத்தான்.

பெஞ்சில் இப்போதும் அதே மூன்று பேச்சுதான். ஒரே ஒரு வித்தியாசம், மாதத்தில் ஒரு ஞாயிறு பூங்காவுக்குப் பதிலாக யாராவது ஒருவர் வீட்டில் கூடுகிறோம். பேச்சுக்கு நடுவே யாராவது எழுந்து அந்த வீட்டு அடுப்படிக்குள் போய்த் தண்ணீர் எடுத்துக்கொள்வோம்.

போன ஞாயிறு அண்ணன் முறை. அவரே தனியாகக் கோழிக்குழம்பு வைத்திருந்தார். கசகசா போட்டு, அரிசி வறுத்து அரைத்து. விரலில் ஒட்டியது. உப்பு மட்டும் ஒரு கல் தூக்கல். ஒருவரும் சொல்லவில்லை. தறிக்காரர் மட்டும் மூன்று தடவை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார்.